கட்சி இல்லாவிட்டால் யாரைக் கேட்பது?

அன்புள்ள கயல்விழிக்கு,

முதல்முறை வாக்களிக்கப் போகிற நீ கேட்டிருக்கும் கேள்வி நியாயமானது. சண்டை மூட்டுவதும் பணத்தை இறைப்பதும் கட்சிகள்தானே, அவற்றை ஒதுக்கிவிட்டுத் தொகுதிக்கு ஒரு நல்லவரைத் தேர்ந்தெடுத்தால் போதாதா என்கிறாய். பெரியவர்கள் பலர் இப்படி நினைத்ததுண்டு. காங்கிரஸைக் கலைத்து மக்கள் சேவை அமைப்பாக்கிவிடலாம் என்று 1948 ஜனவரியில் காந்தி எழுதினார். ஜெயப்பிரகாஷ் நாராயண் கட்சியற்ற ஜனநாயகத்துக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். ஆனால் நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த ஆட்சியை 1977 தேர்தலில் அகற்ற வேண்டிய நேரம் வந்தபோது, சிதறிக் கிடந்த எதிரணியை ஜனதா என்ற ஒரு கட்சியாகச் சேர்க்க அவரே முன்னின்றார். அவர் கொள்கையை விட்டுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆட்சியை மக்கள் மாற்ற வேண்டுமானால் அதன் இடத்தில் உட்கார இன்னொரு அணி ஆயத்தமாக இருக்க வேண்டும். அதைக் கட்சியால்தான் தர முடிந்தது.

சட்டமன்றத்தில் 234 நல்லவர்கள் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதாகவே வைத்துக்கொள். நிதிநிலை அறிக்கை வருகிறது. பள்ளிக்கு எவ்வளவு, சாலைக்கு எவ்வளவு, வரி யார் தலையில் என்பதில் நல்லவர்களும் வேறுபடுவார்கள். ஒத்த கருத்துள்ளவர்கள் கூடிப் பேசுவார்கள். சில மாதங்களில் அந்தக் கூட்டு நிலைத்துவிடும். பெயர் வைக்காவிட்டாலும் அது கட்சிதான். ஆனால் பெயரும் சின்னமும் இல்லாத கூட்டை அடுத்த தேர்தலில் தோற்கடிக்க வாக்காளருக்கு வழி கிடையாது. ஐந்தாண்டு ஆட்சிக்கு மொத்தமாகப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். கட்சியின் முதல் வேலையே அதுதான் என்பேன்.

கட்சியை விலக்கிப் பார்த்த நாடுகளும் உண்டு. நேபாளத்தில் 1960 டிசம்பரில் மன்னர் மகேந்திரா, தேர்ந்தெடுக்கப்பட்ட கொய்ராலா அரசைக் கலைத்தார். பின்பு கட்சிகளைத் தடைசெய்து பஞ்சாயத்து முறையைக் கொண்டுவந்தார். 1990 மக்கள் எழுச்சி வரை அதிகாரம் அரண்மனையிலேயே இருந்தது. இலங்கை நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு ஆண் பெண் இருபாலருக்கும் வாக்குரிமை தந்தது. கட்சி அமைச்சரவைக்குப் பதில் ஏழு நிர்வாகக் குழுக்களை வைத்தது. உறுப்பினர்கள் பெரும்பாலும் தனிநபர்களாகவே வந்தார்கள். 1936இல் அந்தக் குழுக்களின் தலைவர்களான அமைச்சர்கள் அத்தனை பேரும் சிங்களவர்களாக அமைந்தார்கள். திட்டத்தின் பேரில் அணி சேராத இடத்தில் இனத்தின் பேரில் அணி சேர்ந்தது. கட்சிகள் வந்த பிறகு இனவாதம் ஒழிந்ததா என்று நீ கேட்கலாம். ஒழியவில்லை, 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்ததே ஒரு கட்சி ஆட்சிதான். எல்லா நோய்க்கும் கட்சி மருந்தாகும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தைச் செய்தவர் யார், எதிர்த்தவர் யார் என்று பெயர் சொல்லிக் காட்ட முடிகிறது. 1936இல் அது முடியவில்லை. நம் ஊராட்சித் தலைவர் தேர்தலிலும் கட்சிச் சின்னம் கிடையாது. அங்கே சாதிக்கட்டும் பணமும் போய்விட்டனவா? தலைவர் பதவியையே ஏலம் விட்ட செய்திகளை 2019இல் நாளேடுகளில் படித்தோம்.

எல்லாக் கட்சியும் ஒரே வார்ப்பில் வந்ததல்ல. தேசியக் கட்சி, மாநிலக் கட்சி என்று தேர்தல் ஆணையம் பிரிப்பது வாக்கு விழுக்காட்டையும் இடங்களின் எண்ணிக்கையையும் வைத்துத்தான். கட்சி எங்கிருந்து பிறந்தது என்று பார்ப்பதே அதிகம் சொல்லும். பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் டுவெர்ஜே 1951இல் எழுதிய நூலில் இப்படித்தான் பிரித்தார்: சட்டமன்றத்துக்குள் இருந்த செல்வாக்குள்ளவர்கள் தமக்குள் கூடி அமைத்தவை ஒரு வகை, வெளியே மக்களைத் திரட்டி உள்ளே நுழைந்தவை இன்னொரு வகை. இரண்டாம் வகைக்குத் தி.மு.க.வின் தொடக்க ஆண்டுகள் நல்ல சான்று. 1949இல் தொடங்கி, கிளைகளும் படிப்பகங்களும் மேடைகளுமாக வளர்ந்து, 1957இல்தான் தேர்தலில் இறங்கியது. 1962இல் 50 இடங்கள், 1967இல் 137. உறுப்பினரின் உழைப்பில் வளரும் கட்சி அவர் பேச்சைக் கேட்டாக வேண்டியிருக்கும். ஒரே தலைவரைச் சுற்றி எழும் கட்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தலைவருக்குப் பின் யார் என்ற கேள்வியில் அது தடுமாறும். உறுப்பினரின் உழைப்பில் பிறந்த கட்சி மெல்ல ஒரே தலைவரைச் சுற்றிய கட்சியாக மாறிப்போவதும் உண்டு, அதுதான் எனக்குக் கவலை.

உன் பக்கத்து வாதங்களில் வலுவானது, கட்சி உறுப்பினரின் வாயைக் கட்டுகிறது என்பது. 1967இல் ஹரியானாவின் கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். இப்படிப்பட்ட தாவல்களைத் தடுக்க 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. விலைபோவதை அது முழுதாக நிறுத்தவில்லை. மனச்சாட்சிப்படி மாற்றி வாக்களிப்பவரையும் சேர்த்துத் தண்டிக்கிறது. இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே சொன்னது. அதுவே சரி என்று நினைக்கிறேன்.

குடும்ப ஆட்சி பற்றிய உன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. கட்சியின் உள்ளமைப்பு ஜனநாயக முறைப்படி இருக்க வேண்டும், பணம் வந்த வழியைப் பொதுவில் சொல்ல வேண்டும் என்று ஜெர்மனியின் அரசியலமைப்பு கட்டளையிடுகிறது. நம் அரசமைப்பில் அப்படி ஒரு பிரிவு இல்லை. நன்கொடை தந்தவர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ரத்து செய்த பிறகும் வேலை மீதி இருக்கிறது. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளின் விவரத்தைக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் அது கிடைக்கும். வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருகிறவரிடம் அந்தப் பட்டியலைப் பற்றிக் கேள். உங்கள் தொகுதி வேட்பாளரை முடிவு செய்தது யார், கிளைச் செயலாளர் தேர்தலில் வந்தவரா, நியமனத்தில் வந்தவரா என்றும் கேள்.

அன்புடன்,
சித்தப்பா