தண்ணீருக்கும் தோல் உண்டு

ஊசியைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். ஏனென்றால் இரும்பு, அதே அளவு தண்ணீரைவிட ஏறக்குறைய 8 மடங்கு பாரம். ஆனாலும் அதை மிதக்க வைக்கலாம். லீவு நாளில் பிள்ளைகளோடு சேர்ந்து செஞ்சு பாருங்க.

பரிசோதனை 1: ஒரு பேசினில் சுத்தமான தண்ணீர் எடுங்க. அதன்மேல் மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றை வைத்து, அதில் காய்ந்த தையல் ஊசியைப் படுக்க வையுங்க. கடதாசி நனைந்ததும் தீக்குச்சியால் அதை மெதுவாகக் கீழே அமுக்குங்க. கடதாசி போய்விடும், ஊசி மிதக்கும். ஊசியைச் சுற்றித் தண்ணீர் பள்ளமாக வளைந்திருப்பதையும் பார்க்கலாம்.

ஏன் இப்படி? தண்ணீரின் நுண்ணிய மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன. மேற்பரப்பில் உள்ளவற்றுக்கு மேலே துணை இல்லாததால், பக்கத்திலும் கீழேயும் உள்ளவை அவற்றை உள்ளே இழுக்கின்றன. அதனால் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல ஆகிறது. இதுதான் மேற்பரப்பு இழுவிசை. ஓடையில் பூச்சி தண்ணீர்மேல் ஓடுவதும் இதனால்தான்.

பரிசோதனை 2: இன்னொரு கோப்பைத் தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவுங்க. விரல் நுனியில் சவர்க்காரம் தடவி நடுவில் தொடுங்க. தூள் ஓரத்துக்கு ஓடிவிடும். ஊசி மிதக்கும் பேசினிலும் சில துளி சவர்க்காரத் தண்ணீர் விடுங்க. ஊசி மூழ்கிவிடும். சவர்க்காரம் அந்த இழுவிசையைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடுகிறது.

இது வெறும் விளையாட்டு இல்லை. லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ப் பீப்பாவைப் பாருங்க. நுளம்புக் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கும். வாலில் உள்ள சிறு குழாயை இந்தத் தோலில் பொருத்தித்தான் அவை மூச்சு விடுகின்றன. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் டெங்கு என்று சந்தேகிக்கப்பட்டோர் 180,000 பேருக்கு மேல்.

அதற்காகப் பீப்பாவில் சவர்க்காரம் போட்டுடாதீங்க. அது நாம் குடிக்கிற, சமைக்கிற தண்ணீர். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உள்பக்கத்தை நல்லா தேய்த்துக் கழுவுங்க. டெங்கு நுளம்பின் முட்டை சுவரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. முட்டை நுளம்பாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். கழுவியபின் இறுக்கமாக மூடி வையுங்க. சிரட்டை, தகரப்பேணி, யோகட் கோப்பை எதிலும் மழைத்தண்ணீர் தேங்க விடாதீங்க. இறப்பர் தோட்டமென்றால், பால் எடுக்காத நாட்களில் பால் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்க.

குடம்பி தொங்கத் தண்ணீர் இல்லையென்றால் நுளம்பும் இல்லை.