சோறு அடைத்தால் சும்மா இருக்கலாமா?

அசாமில் ஒரு கிராமம். அங்கே ஓர் அம்மா. வயது 52. தறி நெய்பவர். பாக்கும் புகையிலையும் எப்போதும் அவர் வாயில் இருக்கும்.

ஒரு நாள் சோறு நெஞ்சில் அடைத்தது. தண்ணீர் குடித்து இறக்கினார். பிறகு கஞ்சி மட்டும்தான் இறங்கியது. உடம்பு மெலிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் போய்விட்டது.

மகள் கவனித்துவிட்டாள்.

“அம்மா, உன் தட்டுச் சோறு கோழிக்குத்தானே போகிறது?”

அம்மா அழுதுவிட்டார். மறுநாள் இருவரும் குவாஹாட்டிக்குப் போனார்கள்.

மருத்துவர் வாய் வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். சிறிது சதை எடுத்துச் சோதித்தார். அது உணவுக் குழாய்ப் புற்றுநோய்.

உணவுக் குழாய் சுமார் 25 செ.மீ. நீளம் உள்ளது. உள்ளே கட்டி வளர்ந்தால் வழி குறுகும். முதலில் சோறு அடைக்கும். பிறகு கஞ்சி அடைக்கும். கடைசியில் தண்ணீரும் இறங்காது. புகையிலை, பாக்கு, பீடி, சாராயம் ஆகியவை இந்த நோயை வரவழைக்கும். கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிப்பதும் கெடுதல்.

முதலில் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்தார்கள். சில வாரங்கள் நடந்தது. தொண்டை எரிந்தது. வாந்தி வந்தது. முடி உதிர்ந்தது.

“போதும், ஊருக்குப் போவோம்” என்றார் அம்மா.

“பாதியில் விட்டால் கட்டி மறுபடி வளரும். இந்த எரிச்சல் ஆறிவிடும். முடியும் முளைக்கும்” என்றார் மருத்துவர். மூக்கு வழியாகக் குழாய் வைத்து உணவு கொடுத்தார்கள். அம்மா தாங்கிக்கொண்டார்.

பிறகு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி இருந்த பகுதியை நீக்கினார்கள். இரைப்பையை மேலே இழுத்து இணைத்தார்கள்.

இப்போது அம்மா ஒரு நாளில் ஆறு முறை சாப்பிடுகிறார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான். சாப்பிட்டதும் படுப்பதில்லை. தலையை உயர்த்தி வைத்துத் தூங்குகிறார். நோய் திரும்பி வரலாம். அதனால் சொன்ன நாளில் சோதனைக்குப் போகிறார்.

வீட்டுக்கு வருபவர்களுக்குப் பாக்கு கொடுப்பது அந்த ஊர் வழக்கம். அம்மா இப்போது தேநீர் கொடுக்கிறார். “ஆறட்டும், பிறகு குடியுங்கள்” என்கிறார்.

நினைவில் வைப்போம்

• இந்த நோய் ஒட்டிக்கொள்ளாது. நோயாளியை ஒதுக்கக் கூடாது.

• சிகிச்சையின்போது காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

• நோய் முற்றியவர்களுக்கும் உதவி உண்டு. கம்பி வலைக் குழாய் வைத்து வழியைத் திறக்கலாம். வலியைக் குறைக்கலாம்.

• ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018இல் தொடங்கியது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்.

பேசிப் பார்ப்போம்

1. அம்மா ஏன் மூன்று மாதம் மறைத்தார்?

2. உங்கள் வீட்டில் யாருக்காவது சோறு அடைக்கிறதா?