அம்மையும் அக்கியும் – வணிகர்கள் அறிய வேண்டியவை



மாசி, பங்குனி பிறந்தால் வெயிலோடு அம்மையும் வருவது நாம் அறிந்ததே. பலரும் வந்து போகும் இடம் கடை. ஆகவே இந்நோய் பற்றிச் சிறிது தெரிந்து வைத்திருப்பது நமக்கும் நல்லது, நம் கடைக்கு வருபவர்களுக்கும் நல்லது.

சின்னம்மையும் அக்கியும் வெவ்வேறு நோய்கள் என்று பலர் எண்ணுகிறோம். இரண்டுக்கும் காரணம் ஒரே வைரஸ் கிருமிதான். சிறுவயதில் அம்மை இறங்கிய பிறகும் அக்கிருமி நரம்பின் வேரில் பதுங்கிக் கிடக்கிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது அதுவே அக்கியாகக் கிளம்புகிறது. தீர்ந்ததென்று நாம் நினைத்த பழைய பாக்கி வட்டியோடு வந்து நிற்பது போலத்தான்.

சின்னம்மை: கிருமி தொற்றிய 10 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சலும் நீர்க்கொப்புளங்களும் தோன்றும். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பிறருக்குப் பரவும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எளிதில் இறங்கிவிடும். பெரியவர்களுக்கு நுரையீரலைத் தாக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, நினைவு தடுமாறுதல் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

அக்கி: உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளங்கள் வரும். அதற்குச் சில நாள் முன்பே அவ்விடத்தில் எரிச்சலும் குத்தலும் இருக்கும். மூட்டை தூக்கிய பிடிப்பென்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுகிறோம். காவியால் அக்கி எழுதுவது நம் ஊர் வழக்கம். எழுதினாலும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் நோயின் கடுமை குறையும். சிலருக்குப் புண் ஆறிய பின்னும் வலி மாதக்கணக்கில் நீடிக்கும். நெற்றியிலோ கண்ணருகிலோ வந்தால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்வைக்கே கேடு நேரலாம். அக்கிப் புண்ணைத் துணியால் மூடி வையுங்கள். அம்மை வராதவருக்கு அந்த நீரிலிருந்து சின்னம்மை தொற்றும்.

தடுப்பூசி: சின்னம்மைத் தடுப்பூசியை 1974-இல் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தாகாஹாஷி உருவாக்கினார். அம்மை வராதவர்கள் இரண்டு தவணை போட்டுக்கொள்ளலாம், கர்ப்பிணிகளுக்குக் கூடாது. 50 வயதைக் கடந்தவர்களுக்கான அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. அதுவும் இரண்டு தவணை. விலை கூடுதல்தான், மருத்துவரைக் கலந்து முடிவு செய்யுங்கள்.

கடையில்: சிப்பந்திக்கு அம்மை கண்டால் பொருக்குத் தட்டும் வரை சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். கூலியைப் பிடிப்போம் என்றால், அவர் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு வேலைக்கு வந்து நிற்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. ஒரு வாரக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய், அடுத்த மாதம் கடையில் மூன்று பேர் படுத்தால் நட்டம் நமக்கே. கடைக்கு வரும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தொற்றினால், அந்த நட்டத்தை எந்தப் பேரேட்டிலும் எழுதித் தீர்க்க முடியாது.