டிஎம்டி கம்பி: மேலே விறைப்பு, உள்ளே நெகிழ்வு

நம்பிக்கை: சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் எந்த இரும்பும் உறுதியாகிவிடும்.

ஜன்னல் கம்பியை எத்தனை முறை முக்கினாலும் பெரிய மாற்றம் வராது. அதில் கார்பன் குறைவு. கார்பன் போதிய அளவு உள்ள எஃகுதான் தோய்த்ததும் இறுகும். சட்டெனக் குளிரும்போது கார்பன் அணுக்கள் வெளியேற வழியின்றி உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. இப்படி உருவாகும் மார்டென்சைட் மிகக் கடினமானது, ஆனால் ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். பட்டறையில் தோய்த்த உளியை மறுபடி இளஞ்சூட்டில் காட்டிப் பதம் பார்ப்பது இதற்காகத்தான். கடினம் கொஞ்சம் குறையும், அடி தாங்கும் குணம் கூடும்.

கான்கிரீட்டுக்குள் வைத்துக் கட்டும் டிஎம்டி கம்பியில், தோய்ப்பது, பதப்படுத்துவது ஆகிய இந்த இரண்டு வேலையும் ஒரே ஓட்டத்தில் நடந்துவிடுகின்றன. உருட்டாலையிலிருந்து ஏறத்தாழ 950 டிகிரி செல்சியஸில் வரும் கம்பி நீர்ப்பெட்டிக்குள் பாய்ந்து வெளியேறுகிறது. தோல் மட்டும் மார்டென்சைட்டாகிறது. நடுவில் தங்கிய சூடு பிறகு வெளிப்பக்கம் பரவி அந்தத் தோலைப் பதப்படுத்துகிறது. தனி உலை வேண்டாம், கெட்டிக்கார ஏற்பாடு. கம்பியை அறுத்து, வெட்டுமுகத்தை வழவழப்பாகத் தேய்த்து, நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால் தடவினால் ஓரத்தில் கருவளையம் தெரியும். அது சீராக இல்லாவிட்டால் குளிர்விப்பும் சீராக நடக்கவில்லை.

நம்பிக்கை: எண் பெரிதானால் கம்பி நல்லது.

கம்பிக்கடையில் அதிகம் கேட்கும் பேச்சு இது. 500, 550 என்பவை கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் முன் தாங்கும் குறைந்தபட்ச இழுவிசை. சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற கணக்கு. அறுபடும் முன் எவ்வளவு நீளும் என்பதை அந்த எண் சொல்லாது. ஐஎஸ் 1786 தரத்தின்படி 500டி குறைந்தது 16 சதவீதம் நீள வேண்டும். 'டி' இல்லாத 550-க்கு 10 போதும். நிலநடுக்கத்தில் கட்டடம் சட்டென விழாமல் காப்பது அந்த நீட்சிதான். வீட்டுக்குக் கம்பி வாங்குபவர் எண்ணைவிட அந்த ஓரெழுத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிஎம்டி துருப்பிடிக்காது என்பதும் தவறு. எவர்சில்வர் அல்ல அது.

நம்பிக்கை: தடிமனான கம்பியைச் சூடுகாட்டி வளைக்கலாம்.

கூடாது. கேஸ் கட்டரால் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் தோலின் பதம் போய், அந்த இடத்தில் கம்பி சாதா இரும்பை நெருங்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. கம்பி கட்டுபவரிடம் வளைக்கும் இயந்திரம் கேளுங்கள். ஏற்கெனவே காய்ச்சிய துண்டு இருந்தால் தூணில் கட்டும் முன் ஒதுக்கிவிடச் சொல்லுங்கள்.