பந்தியும் பரிமாறலும்: திறமூல மென்பொருளுக்கு உதவுவது எப்படி?



நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சில ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். தில்லியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் காதில் விழுகிறது. ஆனால் தமிழ் எழுத்து கண்ணில் படும் இடம் மிகவும் குறைவு. கடைப் பலகை, பஸ், பள்ளிப் புத்தகம் எல்லாம் இந்தியும் ஆங்கிலமும்தான். ஆகவே 2022-ல் வகுப்பிலிருந்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்களில் சிறுவர்களுக்கான ஒரு கல்வி மென்பொருளை ஏற்றினேன். அது திறமூல வகையைச் சேர்ந்தது. காசு கிடையாது. திரையில் வரும் வாசகங்கள் தமிழிலேயே வரும்.

முதல் நாளே ஒரு வேடிக்கை நடந்தது. கூட்டல் கணக்கில் சரியான விடையைத் தட்டிய ஏழு வயதுச் சிறுமிக்கு, "வலது!" என்று திரை பாராட்டுச் சொல்லிற்று. அவள் வலது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அங்கே ஒண்ணும் இல்லையே, ஸார்!" என்றாள். ஆங்கிலத்தில் 'ரைட்' என்ற சொல்லுக்குச் சரி என்றும் வலப்பக்கம் என்றும் இரண்டு பொருள். மொழிபெயர்த்தவர் தவறான பொருளை எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

அன்றிரவே அந்தத் திட்டத்தாருக்கு ஒரு கடிதம் தட்டினேன். "தமிழே தெரியாதவர் செய்த வேலை இது. உடனே திருத்தவும். பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள்" என்று எழுதியதாக நினைவு. பதில் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து நானே உட்கார்ந்து, கண்ணில் பட்ட 140 வாசகங்களை மாற்றி, ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினேன். அது திரும்பி வந்தது. அதனால் விளைந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

திறமூலம் என்றால் என்ன?

மென்பொருளை ஆக்குபவர் எழுதும் வரிகளுக்கு மூல நிரல் என்று பெயர். கடையில் விலைக்கு வரும் பெரும்பாலான மென்பொருள்களில் அதை நாம் பார்க்க முடியாது. திறமூலத்தில் எவரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். கூடவே வரும் உரிம ஆவணம் இந்த உரிமையை எழுத்து மூலம் தருகிறது. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்து, கட்டற்ற மென்பொருள் என்ற கொள்கைக்கு வித்திட்டார். 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். திறமூலம் என்ற பெயர் 1998-ல்தான் வழக்கிற்கு வந்தது. உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான்.

பெரிய திட்டங்களில் சம்பளத்திற்கு வேலை செய்பவர்கள் உண்டு. சிறிய திட்டங்களை ஓரிருவர், அலுவலகம் முடிந்து வந்து, இரவில் கண் விழித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். இவர்களைப் பராமரிப்பாளர் என்று அழைக்கிறோம்.

நம் பொங்கல் விழாவை நினைத்துக் கொள்ளுங்கள். காய் நறுக்க நாலு பேர், பரிமாற ஆறு பேர், எல்லோரும் சொந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். பந்தியில் உட்கார்ந்தபடி, "சாம்பாரில் உப்பில்லை, யார் இதைச் செய்தது?" என்று ஒருவர் குரல் கொடுத்தால் கரண்டி பிடித்தவருக்கு எப்படி இருக்கும்? உப்பில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அதைச் சொல்ல ஒரு முறை இருக்கிறது. அந்த முறையை ஐந்து படிகளாகத் தருகிறேன்.

1. முதலில் படியுங்கள்

பெரும்பாலான திட்டங்களில் 'என்னைப் படி' என்ற பொருள்படும் பெயரில் ஒரு கோப்பு இருக்கும். பங்களிப்பவர்களுக்கான வழிமுறைகள் பெரும்பாலும் தனியே இருக்கும். மாற்றத்தை எந்த வடிவில், யாருக்கு அனுப்ப வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும். நீங்கள் கண்ட குறையை வேறொருவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாரா என்றும் தேடிப் பாருங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் மொழிக் குழுவிடம் முதலில் கேட்கவும் என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது.

2. குறையைச் சொல்லும்போது விவரம் சொல்லுங்கள்

டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? மென்பொருளின் பதிப்பு எண், உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் இயங்குதளம், நீங்கள் எதை அழுத்தினீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். திரையின் படம் இருந்தால் சேருங்கள். என் கடிதத்தில் கோபம் இருந்தது. இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. "கூட்டல் பயிற்சியில் சரியான விடைக்கு 'வலது' என்று வருகிறது, 'சரி' என்று வரவேண்டும் என எண்ணுகிறேன்" என்று எழுதியிருந்தால் அன்றே வேலை தொடங்கியிருக்கும்.

3. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

அனுப்பும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாக வேண்டும். 140 மாற்றங்களை ஒன்றாகக் கட்டினால், அதில் இரண்டு தவறாயிருந்தாலும் மூட்டை முழுவதும் நின்றுபோகும். தனித்தனியே அனுப்பினால் நல்லது உடனே சேரும். பிழையானது மட்டும் திரும்பும். பின்னால் ஒன்று கெட்டால் அதை மட்டும் விலக்கவும் முடியும். இதற்கு உதவும் கிட் என்ற கருவியை 2005-ல் டோர்வால்ட்ஸ்தான் உருவாக்கினார். ஒவ்வொரு மாற்றத்தோடும், ஏன் இந்த மாற்றம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். பிற்காலத்தில் படிப்பவருக்கு அந்த 'ஏன்' மிகவும் உதவும்.

4. காரணம் தெரியாமல் கை வைக்காதீர்கள்

என் மூட்டை திரும்பி வந்தபோது கூடவே பணிவான ஒரு குறிப்பும் வந்தது. 'ரைட்' என்ற அதே வாசகம் இன்னொரு பயிற்சியிலும் வருகிறதாம். அங்கே பூனை வீட்டுக்குப் போக இடது, வலது என்று வழி சொல்ல வேண்டும். நான் 'சரி' என்று மாற்றியதால், பூனைக்கு 'இடது', 'சரி' என்று இரண்டு வழிகள் ஆகிவிட்டன! மொழிபெயர்ப்பாளர் கையில் கிடைப்பது தனித்தனி வாசகங்களின் பட்டியல்தான். எது எந்தத் திரையில் வரும் என்பது பல சமயம் தெரியாது. இங்கே பிழை தமிழில் இல்லை. நிரலில் இரண்டு இடங்களுக்கும் தனித்தனிச் சூழல் குறிப்பு கொடுத்து, ஒரே சொல்லை இரண்டு வாசகங்களாகப் பிரிப்பதே சரியான வழி. அதை நிரல் எழுதுபவரிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று. சில வாசகங்களின் நடுவே விழுக்காட்டுக் குறியும் ஓர் எழுத்தும் இருந்தன. அச்சுப்பிழை என்று நினைத்து நீக்கிவிட்டேன். உண்மையில் அங்கேதான் பிள்ளையின் பெயரோ மதிப்பெண்ணோ வந்து உட்காரும்.

எல்லாவற்றிலும் என்னை வெட்கப்பட வைத்தது வேறு. 'கணனி' என்று கண்ட இடமெல்லாம் 'கணினி' என்று 'திருத்தி' இருந்தேன். கணனி என்பது இலங்கைத் தமிழர் பரவலாக எழுதும் வடிவம். மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துச் சகோதரி ஒருவர். அவருடைய தமிழைப் பிழை என்று அடித்திருக்கிறேன்!

5. காத்திருங்கள், மறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள்

பதில் வராவிட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முறை பணிவாக நினைவூட்டலாம். நெருக்குவது தவறு. இதனால் வரும் ஆபத்துக்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. எக்ஸ்இஸட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியை முக்கியமாக ஒரே ஒருவர்தான் ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். 2022-ல் முகம் தெரியாத சில பெயர்கள், வேலை தாமதமாகிறது, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று அவரை நச்சரித்தன. களைத்திருந்த அவர், உதவ முன்வந்த ஒருவருக்குப் பொறுப்பைப் பகிர்ந்து கொடுத்தார். அந்த 'உதவியாளர்' 2024-ல் அதனுள் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்ற பொறியாளர், வேறொரு கணினியுள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்துத் துருவி, 2024 மார்ச் 29-ல் அதை வெளிப்படுத்தினார். பெரும் கேடு நூலிழையில் தப்பியது. பராமரிப்பாளரை வதைத்தால் வாசலே பலவீனமாகும் என்பது இதன் பாடம்.

மறுத்துவிட்டால்? காரணம் கேளுங்கள், ஏற்றுக்கொள்ளுங்கள். மனம் ஒப்பாவிட்டால் பிரதி எடுத்து உங்கள் வழியில் தனியே வளர்க்க உரிமம் அனுமதிக்கிறது. அனுப்புவது எதுவானாலும் நேர்மையாக இருக்கட்டும். லினக்ஸில் 2004 முதல், இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொருவரும் தம் பெயரிட்டு உறுதி கூறுகிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால் அதைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வரியையும் நீங்களே படித்துப் பார்த்த பின் அனுப்புங்கள்.

மரியாதை ஒருவழிப் பாதை அல்ல. கடுஞ்சொல்லுக்குப் பேர்போன டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் தம் நடத்தைக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பினார். பெரியவர்களும் கற்கிறார்கள்.

இனி, சொல்லாமல் விட்ட கதை

அடுத்த பதிப்பு வந்தது. ஆவலோடு ஏற்றினேன். திரை ஆங்கிலத்தில் திறந்தது! புதிய பயிற்சிகளோடு புதிய வாசகங்கள் பல சேர்ந்திருந்தன. நூற்றுக்கு 80 வாசகங்களாவது மொழிபெயர்க்கப்படாத மொழியைச் சேர்ப்பதில்லை என்பது அந்தத் திட்டத்தின் விதி. தமிழ் 80-க்குக் கீழே இறங்கியிருந்தது. அத்தனையையும் தனி ஆளாகச் செய்து வந்த யாழ்ப்பாணத்துச் சகோதரி நிறுத்திவிட்டிருந்தார். எந்தத் தேதியோடு நிறுத்தினார் என்று பார்த்தேன். என் முதல் கடிதம் போய்ச் சேர்ந்த அதே வாரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிறுமி வந்து, "ஸார், தமிழ் எங்கே?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்ல?

அவருக்கு எழுதினேன். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. "உங்கள் உழைப்பைப் படிக்காமலே குறை சொன்னேன். மன்னிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் வேலையைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறேன்" என்றேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. "ஐயா, பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு இரவில்தான் இதைச் செய்வேன். தமிழே தெரியாதவள் என்று படித்தவுடன் மனம் விட்டுப் போயிற்று. நீங்களும் சேர்ந்தால் செய்யலாம். முதலில் ஐம்பது வாசகங்கள் அனுப்புகிறேன்."

ஐம்பதைச் செய்தேன். பதினொன்றைத் திருத்தி அனுப்பினார். அடுத்த ஐம்பதில் நாலு. இரண்டு 'ரைட்'களையும் பிரித்துத் தரும்படி நிரல் எழுதுபவரை இருவரும் சேர்ந்து கேட்டோம். முறையாகக் கேட்டதால் ஒரு வாரத்தில் செய்து கொடுத்தார். கணனியா கணினியா என்பதில் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அவர் செய்த பயிற்சிகளில் கணனி, நான் செய்தவற்றில் கணினி என்று இருக்கிறது. நம் பிள்ளைகள் இரண்டையும் படிக்கிறார்கள். நல்லதுதானே!

2023-ல் வந்த பதிப்பில் தமிழ் திரும்பி வந்தது. கூட்டல் கணக்குக்குத் திரை இப்போது "சரி!" என்கிறது.

வீட்டுப் பயிற்சி: உங்கள் வீட்டில் பயன்படும் ஒரு திறமூல மென்பொருளைப் பிள்ளைகளோடு தேடிக் கண்டுபிடியுங்கள். அதன் பங்களிப்பு வழிமுறையைச் சேர்ந்து படியுங்கள். ஒரே ஒரு குறையை, மேலே சொன்ன ஐந்து விவரங்களோடு ஒரு தாளில் எழுதுங்கள். அனுப்புமுன் அதை உரக்கப் படியுங்கள். அதே வார்த்தைகளை, நம் சங்கத்துச் சமையல்கட்டில் கரண்டியோடு நிற்பவரிடம் நேரில் சொல்ல முடியும் என்று தோன்றினால் அனுப்பிவிடுங்கள்.