முன்பள்ளிக்குக் காசு வரும் வழி



முன்பள்ளி நல்லா நடக்குதா என்று பார்க்க டீச்சரை மட்டும் பார்த்தால் போதாது. அங்கே காசு எந்தக் கணக்கில் வருகிறது என்றும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியை வைத்து இதைப் படிப்போம்.

நமது நாட்டில் இலவசக் கல்வி முதலாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. முன்பள்ளிகளின் மேற்பார்வை 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் மாகாண சபைகளுக்குப் போனது. ஆனால் பல முன்பள்ளிகளை ஊர்ச் சங்கங்களும் சமய நிலையங்களும் தனியாருமே நடத்துகிறார்கள். பெற்றோர் கட்டும் மாதக் காசும், கிடைத்தால் அரசாங்கக் கொடுப்பனவும்தான் டீச்சரின் வருமானம்.

தீவுகளில் பிள்ளைகள் குறைவு. 1990க்குப் பின் யுத்தத்தால் இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் திரும்பி வரவில்லை. ஊர்காவற்றுறைக்கு ரோட்டு உண்டு. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவானிலிருந்து படகில்தான் போக வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். பிள்ளைக்கு மாதம் 500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 40 பிள்ளைகள் என்றால் 20,000 ரூபா. 10 பிள்ளைகள் என்றால் 5,000 ரூபாதான். டீச்சர் வருவது இரண்டு இடத்திலும் ஒரே நேரத்துக்குத்தான். காய்ந்துபோன மலையில் எவ்வளவு ஓடி எடுத்தாலும் கிலோ வராது, அரைப்பேர்தான் விழும். அதுபோலத்தான் இதுவும்.

2025 வரவு செலவுத் திட்டத்தில் இரண்டு வழியும் இருந்தன. காலை உணவுக்குப் பிள்ளை ஒன்றுக்கு 60 ரூபாவை 100 ரூபாவாக்க முன்மொழிந்தார்கள். இது தலைக்கணக்கு. டீச்சரின் கொடுப்பனவை மாதம் 1,000 ரூபாவால் கூட்டவும் முன்மொழிந்தார்கள். இது ஆள்கணக்கு. சாப்பாட்டுக்குத் தலைக்கணக்கு சரி. ஆனால் 10 பிள்ளைக்குச் சமைத்தாலும் அடுப்பு ஒன்று வேண்டும், சாமானுக்குப் படகுக்கூலியும் வேண்டும். சின்ன முன்பள்ளியைத் தாங்கி நிற்பது ஆள்கணக்குத்தான். டீச்சர் விட்டுப் போனால் அந்தத் தீவுப் பிள்ளைக்கு அடுத்த முன்பள்ளி கடலுக்கு அப்பால்கூட இருக்கலாம்.

நமது பிள்ளைக்காம்பராவைப் பொறுப்பாகப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தோட்ட நிர்வாகமே சம்பளம் கொடுக்கிறது.  இது பெரிய பலம். இதைக் கைவிடக்கூடாது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மூன்று விஷயம் கேட்போம்:

1. டீச்சரின் சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது?
2. பிள்ளைகள் குறைந்தால் அது குறையுமா?
3. அரசாங்க உணவுத் திட்டத்தில் நம் நிலையத்தின் பேர் பதிவாகி இருக்கிறதா?

கேட்டு வந்த பதிலை வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள். கணக்குத் தெரிந்த பெற்றோரை யாரும் லேசாகத் தட்டிக்கழிக்க முடியாது.