நாரிநோவும் சயாட்டிக்காவும்: நாம் அறிந்திருக்க வேண்டியவை

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பார்கள் நம் பெரியோர். அந்தச் சுவரைத் தாங்கி நிற்பது முள்ளந்தண்டு. ஆலயத்துக்கு வரும் அடியார்களிடம் “எப்படிச் சுகம்?” என்று கேட்டால் பத்தில் நான்கு பேராவது நாரியில் கையை வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறார்கள். முன்பெல்லாம் பூசை முடியும்வரை சம்மணமிட்டு இருந்த சிலர் இப்பொழுது வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வேறு சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே இம்முறை இந்த நோவைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எம்மில் ஒருவருடைய அனுபவத்திலிருந்து தொடங்குவோம். அன்னதானத்துக்காக அரிசி மூடையைக் காரின் பின்பெட்டியிலிருந்து குனிந்து இழுத்தபோது அவருக்கு நாரியில் ஒரு பிடிப்பு ஏற்பட்டது. இரண்டு நாளில் அந்த நோ பிட்டத்தில் இறங்கி, தொடையின் பின்புறமாக ஓடி, கால் பெருவிரல்வரை மின்சாரம் பாய்வது போல இழுத்தது. இருமினாலும் தும்மினாலும் உயிர் போனது. “அசையாமல் படு” என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் மூன்று வாரம் படுத்தே கிடந்தார். எழுந்தபோது நோ குறைந்திருக்கவில்லை, காலில் இருந்த பலம்தான் குறைந்திருந்தது. அவர் செய்தது எங்கே பிழைத்தது என்பதை இக்கட்டுரையின் முடிவில் வாசகர்கள் தாமே அறிந்துகொள்வார்கள்.

சயாட்டிக்கா என்றால் என்ன?

நம் உடம்பிலுள்ள நரம்புகளில் மிகவும் தடித்தது சயாட்டிக் நரம்பு. முள்ளந்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து இது உருவாகிறது. பிட்டத்தின் வழியாகத் தொடையின் பின்புறம் இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம்வரை செல்கிறது. இந்த நரம்போ அதன் வேரோ நசிந்தால் அல்லது அழற்சி அடைந்தால் காலில் ஓடும் வலியே சயாட்டிக்கா. ஆயுர்வேதத்தில் இதற்குக் கிருத்ரசி என்று பெயர். நோயாளியின் நடை கழுகின் நடையைப் போல மாறிவிடுவதால் இப்பெயர் வந்தது என்பர். மேல்நாட்டு வைத்தியத்தில், இது மூட்டிலிருந்து அல்ல, நரம்பிலிருந்து வரும் நோ என்பதை 1764ஆம் ஆண்டு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர வைத்தியர் டொமெனிக்கோ கொட்டூனோ நூலாக எழுதினார். நரம்பை நசிப்பது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு என்பதை 1934இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் இரு வைத்தியர்கள் வெளியிட்டார்கள்.

தட்டு என்பது ஓரளவு இலாச்சப்பழச் சுளை போன்றது: வெளியே உறுதியான நார்வளையம், உள்ளே பசை போன்ற பொருள். வளையத்தில் வெடிப்பு ஏற்பட்டால் உள்ளிருக்கும் பசை வெளியே பிதுங்கி நரம்பு வேரை நசிக்கிறது. பசையிலுள்ள இரசாயனங்களும் நரம்பை எரிச்சலூட்டுகின்றன. சயாட்டிக்காவுக்கு மிகப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எந்த வேர் பாதிக்கப்பட்டது என்பதைக் காலே காட்டிக்கொடுக்கும். நோ கெண்டைக்காலின் வெளிப்புறமாக இறங்கிப் பெருவிரலுக்குப் போனால், நாரியின் ஐந்தாவது வேர். இதனால் குதிக்காலில் நடப்பது கடினமாகலாம். நோ கெண்டைக்காலின் பின்புறமாகக் குதிக்காலுக்கும் சுண்டுவிரலுக்கும் போனால், அதற்குக் கீழுள்ள வேர். இதனால் நுனிக்காலில் எழும்பி நிற்பது கடினமாகலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு இந்த இரண்டையும் நாமே செய்து பார்த்து, கண்டதை வைத்தியரிடம் சொல்லலாம்.

கால் நோவெல்லாம் சயாட்டிக்கா அல்ல. இரண்டு பாதங்களும் ஒரே மாதிரி எரிந்தால் அது நீரிழிவினால் வந்ததாக இருக்கலாம். நடந்தால் காலில் உளைவு வந்து, கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் சுகமாக இருக்கிறது என்று முதியோர் சொன்னால், அது முள்ளந்தண்டின் கால்வாய் ஒடுங்கியதால் இருக்கலாம். இவற்றுக்குச் சிகிச்சை வேறு.

படுக்கை மருந்தா?

நம் பெற்றார் காலத்தில் நாரிநோ என்றால் பலகையில் படுக்கச் சொல்வார்கள். வைத்தியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 1999இல் நெதர்லாந்தில் சயாட்டிக்கா உள்ள 183 பேரை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினர் இரண்டு வாரம் படுக்கையில் இருந்தார்கள், மற்றவர்கள் இயன்றவரை நடமாடினார்கள். பன்னிரண்டு வாரத்தின் பின் இரு பகுதியிலும் 87 சதவீதத்தினர் குணமடைந்து வருவதாகச் சொன்னார்கள். அதாவது, படுத்துக் கிடந்ததால் எந்த இலாபமும் இல்லை. நோ தாங்க முடியாத முதல் ஓரிரு நாள் படுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இவ்விடயத்தில் மெல்பேர்ண் நமக்கு ஒரு பாடம் கற்பித்தது. 1997இல் விக்டோரியா மாநிலம், நாரிநோ வந்தால் படுத்துக் கிடக்காதீர்கள், நடமாடுங்கள், வேலையை விடாதீர்கள் என்று தொலைக்காட்சி மூலம் பெரும் பிரசாரம் செய்தது. பிரசாரம் நடக்காத நம்முடைய நியூ சவுத் வேல்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விக்டோரியாவில் மக்களின் எண்ணமும் மாறியது, வைத்தியர்களின் எண்ணமும் மாறியது, நாரிநோவுக்கான நட்டஈட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன. நம்மிடையே பலர் இன்னும் அந்த மாற்றத்துக்கு முந்திய காலத்திலேயே இருக்கிறோம்.

மருந்துகள் பற்றி

இதில் நம் சிட்னி நகரமே உலகுக்கு வழிகாட்டியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2014இல் சிட்னியில் புதிதாக நாரிநோ வந்த 1652 பேருக்குப் பரசிற்றமோல், அதாவது பனடோல் வகை மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கும் வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் குணமாக எடுத்த காலம் ஏறக்குறைய ஒன்றே, 16 அல்லது 17 நாள். 2017இல் சயாட்டிக்கா உள்ள 209 பேருக்குப் பிரெகபலின் என்ற நரம்பு மருந்தைச் சோதித்தார்கள். கால் நோ வெறும் மாத்திரையை விடக் கூடுதலாகக் குறையவில்லை, ஆனால் தலைச்சுற்று முதலிய தீங்குகள் கூடின. 2023இல் அபின் வகையைச் சேர்ந்த கடும் வலிமருந்தைப் புதிய நாரிநோவுக்கும் கழுத்துநோவுக்கும் 347 பேரிடம் சோதித்தபோதும் பலன் இல்லை என்றே கண்டார்கள். அதே வகையைச் சேர்ந்த கொடெயின் 2018 பெப்ரவரி முதல் அவுஸ்திரேலியாவில் வைத்தியரின் சீட்டு இல்லாமல் கிடைப்பதில்லை.

இதை வாசித்துவிட்டு யாரும் தாம் எடுக்கும் மருந்தைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. பிரெகபலின் போன்றவற்றைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். அழற்சியைக் குறைக்கும் இபுபுரொபென் போன்றவை சிலருக்குச் சற்று உதவலாம். ஆனால் நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், வயிற்றுப்புண் உள்ளவர்கள் கேளாமல் வாங்கி விழுங்கக் கூடாது. சுடுநீர்ப் பையும் உப்பு ஒத்தடமும் சுகம் தரும். எண்ணெய் பூசி மெதுவாகத் தடவுவதிலும் பிழையில்லை. ஆனால் மரத்துப் போன இடத்தில் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். அங்கே ஒத்தடம் வேண்டாம்.

படம் எடுக்க வேண்டுமா?

“எம்.ஆர்.ஐ. எடுக்காமல் வைத்தியர் அனுப்பிவிட்டார்” என்று குறைப்படுகிறவர்கள் பலர். 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, நோவே இல்லாதவர்களின் படங்களைப் பார்த்தது. இருபது வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் தட்டு வெளியே தள்ளியிருந்தது. தலைமயிர் நரைப்பது போல் தட்டும் வயதாகிறது. படத்தைப் பார்த்துப் பயந்து முடங்கியவர்களே அதிகம். பிதுங்கிய தட்டை உடம்பே காலப்போக்கில் கரைத்துவிடுவதும் உண்டு. கால் பலவீனம் கூடும்போதும், கீழே சொல்லும் அபாய அறிகுறிகள் உள்ளபோதும், சத்திரசிகிச்சையை யோசிக்கும்போதும்தான் படம் அவசியம்.

சத்திரசிகிச்சை சிலருக்குத் தேவைப்படும். 2007இல் வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், முன்கூட்டிச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குக் கால் நோ விரைவில் குறைந்தது. ஆனால் ஓராண்டின் பின் இரு பகுதியினரும் ஒரே நிலையில் இருந்தார்கள். ஆகவே அவசரம் இல்லாதவர்கள் யோசித்து முடிவெடுக்க நேரம் உண்டு.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவை

இப்பகுதியை வாசகர்கள் வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

1. சலம் போக முடியாமல் அடைத்துக்கொள்ளுதல், அல்லது சலமோ மலமோ அறியாமல் போதல்.
2. இரு தொடைகளின் உட்புறம், மறைவிடம், மலவாசலைச் சுற்றிய இடம் மரத்துப் போதல்.
3. இரண்டு கால்களிலும் நோவும் பலவீனமும், அல்லது ஒரு பாதம் தூக்க முடியாமல் தொங்குதல்.
4. நாரிநோவோடு காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தமை, அல்லது விழுந்து அடிபட்டமை.

முதல் இரண்டும் முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புக்கொத்து நசிவதைக் காட்டும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தரப் பாதிப்பு வரலாம். 000 அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இப்பக்கத்தில் இருப்பவர்களுக்கு வெஸ்ட்மீட் வைத்தியசாலை கிட்ட இருக்கிறது.

இங்கே ஒரு விடயத்தை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். நம் அம்மாமாரும் அப்பாமாரும் இவற்றை வாய்விட்டுச் சொல்வதில்லை. வைத்தியரிடம் மொழிபெயர்க்கக் கூட வருவது மகனோ பேரப்பிள்ளையோ ஆனால், சலம் அடைத்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? “நாரி கொஞ்சம் நோகுது” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கூச்சத்தால் கால் போகக் கூடாது. 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை உண்டு. தொலைபேசியிலே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், முகம் தெரியாதவரிடம் சொல்வதும் இலகு. வைத்தியரிடம் நேரம் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, பெற்றாரை அழைத்துப் போகும்போது ஐந்து நிமிடம் வெளியே இருந்து அவர்களைத் தனியே பேச விடுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. நோ கடுமையான நேரத்தில் நிலத்தில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களைக் கதிரையின் மேல் வைத்திருங்கள். பக்கவாட்டில் நித்திரை கொள்வோர் முழங்கால்களுக்கு இடையே தலையணை வைக்கவும்.
2. அரைமணிக்கு மேல் தொடர்ந்து இருக்க வேண்டாம். எழுந்து நாலு அடி நடவுங்கள். டாக்சி ஓட்டுவோரும் கணினி முன் வேலை செய்வோரும் இதை மறக்கக் கூடாது.
3. வீட்டுக்குள்ளே ஐந்து நிமிட நடையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள். நோ பாதத்திலிருந்து மேலே ஏறி நாரியோடு நின்றால் அது நல்ல அறிகுறி. கீழே இறங்கிப் போனால் அந்தச் செயலைக் குறைத்து ஆலோசனை பெறுங்கள்.
4. பாரத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள், தூக்கியபடி நாரியைத் திருப்ப வேண்டாம். மடைப்பள்ளியில் கிடாரத்தை ஒருவர் தனியே இறக்கக் கூடாது.
5. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவானால், குடும்ப வைத்தியர் திட்டம் எழுதித் தந்து, பிசியோதெரப்பி முதலியவற்றுக்கு ஆண்டில் ஐந்து தடவை மெடிக்கெயர் உதவி பெற வழி உண்டு.

நோ மாறிய பின் என்ன செய்வது? 2024இல் சிட்னி மக்குவாரி பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. நாரிநோ மாறிய 701 பேரில் ஒரு பகுதியினருக்கு நடைப் பயிற்சியும் பிசியோதெரப்பி ஆலோசனையும் கொடுத்தார்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் நடப்பதே இலக்கு. நடக்காதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளுக்குள் நோ திரும்பியது. நடந்தவர்களில் அதற்கு 208 நாள் ஆனது. இவ்வாய்வு பொதுவான நாரிநோவைப் பற்றியது, சயாட்டிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. ஆயினும் செலவில்லாத மருந்து இது. பரமட்டா பூங்கா நமக்கு அருகிலேயே இருக்கிறது. பூசைக்கு முன் இருவர் மூவராகச் சேர்ந்து அங்கே ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம்.

ஆலயத்துக்கு வருவோருக்கு

நிலத்தில் இருக்க முடியாதவர்கள் கதிரையில் இருப்பதில் ஒரு குறையும் இல்லை. விழுந்து கும்பிட முடியாவிட்டால் நின்று கும்பிடலாம். திருவிழாவில் சுவாமி தூக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல்: காலில் இழுப்பு இருப்பதை மறைத்துக்கொண்டு தோள் கொடுக்காதீர்கள். நடுவழியில் உங்கள் கால் மடங்கினால் மற்றத் தோள்களும் ஆபத்தில் விழும். “இம்முறை எனக்கு ஏலாது” என்று சொல்வதும் தொண்டுதான். பக்கத்தில் நிற்பவர்கள் அதைக் கேட்டுச் சிரிக்காமல் இருப்பதும் தொண்டுதான்.

நாம் தொடக்கத்தில் சொன்ன அன்பர் இப்பொழுது நன்றாக நடக்கிறார். நான்காவது வாரம் வைத்தியரின் சொற்படி எழுந்து நடக்கத் தொடங்கி, மூன்று மாதத்தில் அன்னதான வேலைக்குத் திரும்பினார். பெருவிரலில் சிறிது மரப்பு இன்னும் இருக்கிறது. அரிசி மூடையை மட்டும் இப்பொழுது இருவராகத் தூக்குகிறார்கள்.

நாரிநோ உள்ள உறவினரோ அயலவரோ உங்களுக்கு இருந்தால், இப்பக்கத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். வாசலோடு நின்று திரும்பிப் போனவர்களை உள்ளே அழைத்து ஒரு கதிரை போட்டுக் கொடுங்கள்.